ஸ்டாஃப் நர்ஸ் என்ற ஒரே பதவிக்குள் எத்தனை வேலைகள்: செவிலியச் சிறப்புப் பிரிவுகள் குறித்து

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றும் பெரும்பாலான செவிலியர்களின் பணிப்பதிவேட்டில் இருக்கும் பதவிப் பெயர் ஒன்றுதான்: ஸ்டாஃப் நர்ஸ். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 800 கிராம் எடையுள்ள சிசுவைக் கவனித்துக்கொள்பவரும், அறுவை அரங்கில் கருவிகளை எடுத்துக் கொடுப்பவரும், மனநல வார்டில் இரவுப் பணி பார்ப்பவரும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். நோயாளியின் உறவினர்களுக்கும் எல்லோருமே ‘சிஸ்டர்’தான், ஆணாக இருந்தால் ‘பிரதர்’. மருத்துவர் என்றால் இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று விசாரித்துப் போகிற நாம், செவிலியரிடம் அப்படியொரு பிரிவினை இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பிரிவினை இருக்கிறது. மருத்துவரின் சிறப்புத் துறை உடலின் உறுப்பையோ நோயையோ வைத்து அமைகிறதென்றால், செவிலியரின் சிறப்புத் துறை பெரும்பாலும் இரண்டு கேள்விகளை வைத்து அமைகிறது: எந்த மாற்றத்தை மற்றவர்களுக்கு முன்பாகக் கண்டுகொள்ள வேண்டும், மருத்துவர் வந்து சேரும்வரை என்ன செய்ய வேண்டும். இந்த இரண்டுக்குமான விடை வார்டுக்கு வார்டு முற்றிலும் மாறுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் இருந்தால்தான் அது கைவரும் என்பதும், நம்முடைய பணியமைப்பு அந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதும் இத்துறையை அறிந்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த சங்கதி.

படிப்பு வரிசையை முதலில் சொல்லிவிடலாம். இரண்டாண்டுத் துணைச் செவிலியப் பயிற்சியான ஏ.என்.எம்., மூன்றாண்டுப் பட்டயப் படிப்பான ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங், பட்டயம் முடித்தவர்கள் பட்டம் பெறுவதற்கான இரண்டாண்டுப் படிப்பு, அதன்பின் இரண்டாண்டு எம்.எஸ்சி. என்று அது செல்கிறது. முதுநிலையில்தான் துறைகள் முறைப்படி பிரிகின்றன: மருத்துவ அறுவைச் செவிலியம், மகப்பேறு மற்றும் மகளிர் நலம், குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என ஐந்து. இவை தவிர, தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, புற்றுநோய், சிறுநீரகம், அறுவை அரங்கு, அவசர சிகிச்சை போன்ற பிரிவுகளில் ஓராண்டுச் சிறப்புப் பட்டயப் படிப்புகளை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. அந்தக் கவுன்சிலுக்கு அடிப்படையாக இருந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையத்துக்கான சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு மூத்த இடம் உண்டு. சென்னையில் பேறுகாலப் பணிக்கான பயிற்சிப் பள்ளிக்கு 1854-இலேயே அரசு அனுமதி கிடைத்தது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனை செவிலியர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி உருவாகி, 1946-இல் அது பட்டப் படிப்பு தரும் கல்லூரியாக உயர்ந்தது. நாட்டில் செவிலியத்தில் பட்டப் படிப்பை முதலில் தொடங்கியவை அதுவும் தில்லியில் அதே ஆண்டு தொடங்கிய கல்லூரியும்தான். பேறுகாலப் பயிற்சி முதலில் வந்தது, பொதுச் செவிலியம் பின்னர் வந்தது என்ற இந்த வரிசை கவனத்துக்குரியது. இன்று சிறப்புப் பிரிவு என்று நாம் ஒதுக்கி வைத்துப் பேசும் ஒன்றுதான் இங்கே செவிலியப் பயிற்சியின் தொடக்கமாகவே இருந்திருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சிறப்புப் பயிற்சி எதற்காகத் தேவைப்படுகிறது என்பது அங்கே எளிதில் விளங்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஐ.சி.யு. என்றால் இயந்திரங்கள். ஆனால் இயந்திரம் எண்ணைக் காட்டும், எண்ணுக்குப் பொருள் சொல்லாது. வென்டிலேட்டர் அழுத்தம் மிகுந்துவிட்டதென்று ஒலி எழுப்பினால், அதற்குக் காரணம் குழாயில் சளி அடைத்ததாக இருக்கலாம், நோயாளி குழாயைக் கடிப்பதாக இருக்கலாம், குழாய் மடிந்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருக்கலாம். முதல் மூன்றைச் செவிலியரே சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். நான்காவது, மருத்துவரை ஓடிவரச் செய்ய வேண்டிய நிலைமை. நான்கையும் பிரித்தறியும் திறன் ஒலியை அணைக்கும் பொத்தானில் இல்லை. நோயாளியின் மார்பு இருபுறமும் ஒரேபோல் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள் சிரிஞ்ச் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும். நார்அட்ரினலின் போன்ற மருந்து உடலில் தங்கும் நேரம் மிகக் குறைவு. சிரிஞ்ச் தீர்ந்து, அடுத்ததைக் கலந்து பொருத்தும் இடைவெளியில் நோயாளியின் அழுத்தம் சரிந்துவிடக்கூடும். அதனால் அனுபவம் உள்ள செவிலியர் தீருவதற்கு வெகு முன்னதாகவே அடுத்த சிரிஞ்சைத் தயாராக வைத்திருப்பார். மணிக்கு ஒருமுறை சிறுநீரின் அளவு குறிக்கப்படும். உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லி என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால், இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியதற்கான அறிகுறியாக அது எடுத்துக்கொள்ளப்படும். இவற்றோடு, யாருமே சிறப்புத் திறன் என்று கருதாத வேலைகளும் உண்டு: படுக்கையின் தலைப்பகுதியை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்திருத்தல், வாயைச் சுத்தம் செய்தல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல். வென்டிலேட்டரால் வரும் நிமோனியாவையும் படுக்கைப் புண்ணையும் தடுப்பதில் விலையுயர்ந்த ஆன்ட்டிபயாட்டிக்குகளைவிட இந்த மூன்றுக்கும் பங்கு அதிகம். கொரோனா காலத்தில் பல இடங்களுக்கு வென்டிலேட்டர்கள் விரைவாக வந்து இறங்கின; அவற்றின் அருகே நிற்கத் தெரிந்தவர்களை அதே வேகத்தில் கொண்டுவந்து இறக்க முடியவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவின் தேவை வேறு வகை. ஐ.சி.யு. செவிலியருக்கு ஒரு நோயாளியைப் பற்றி ஏறக்குறைய எல்லாம் தெரியும். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு வாசலில் வந்து நிற்கும் பத்துப் பேரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. தமிழ்நாட்டு அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். அலறுபவரைவிட அமைதியாகக் கிடப்பவர் ஆபத்தில் இருக்கலாம் என்பதுதான் இங்கே முதல் பாடம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட பின்னர், அந்தத் தரம்பிரிக்கும் மேசையில் இருப்பவரின் பொறுப்பு கூடியிருக்கிறது.

அறுவை அரங்கில் செவிலியர்கள் இரு வகையாகப் பிரிந்து நிற்பார்கள். கை கழுவி, கிருமிநீக்கிய அங்கி அணிந்து, கருவிகளை எடுத்துத் தருபவர் ஸ்க்ரப் நர்ஸ். கிருமிநீக்கிய எல்லைக்கு வெளியே நின்று தேவையானவற்றைக் கொண்டுவந்து கொடுத்து, பதிவுகளை எழுதி, முழு அரங்கையும் கவனிப்பவர் சர்குலேட்டிங் நர்ஸ். திரைப்படங்கள் காட்டுவது முன்னவரை மட்டுமே, ‘கத்தி’, ‘கத்தரி’ என்று சொல்லச் சொல்ல எடுத்துக் கொடுப்பவராக. உண்மையில் நன்கு பழகிய ஸ்க்ரப் நர்ஸிடம் அறுவை மருத்துவர் பேசுவதே குறைவு. அடுத்த கட்டம் என்னவென்று தெரிந்திருப்பதால் கேட்பதற்கு முன்பே கருவி கைக்கு வந்துவிடும்.

ஆனால் இந்தப் பிரிவின் உயிர்நாடி எண்ணிக்கைதான். அறுவைக்கு முன்பு, உடலின் குழிவை மூடுவதற்கு முன்பு, தோலைத் தைத்து முடிக்கும்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பஞ்சுத் துணிகளையும் ஊசிகளையும் கருவிகளையும் இருவரும் சேர்ந்து உரக்க எண்ண வேண்டும். எண்ணிக்கை இடித்தால், எவ்வளவு மூத்த மருத்துவராக இருந்தாலும் தையலை நிறுத்தச் சொல்லும் உரிமையும் கடமையும் செவிலியருக்கு உண்டு. வயிற்றுக்குள் துணி விடுபட்டது என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. அப்போதெல்லாம் பேச்சு மருத்துவரைச் சுற்றியே போகிறது. எண்ணியது யார், எத்தனை மணி நேரம் தொடர்ந்து நின்ற பிறகு எண்ணினார், எண்ணிக்கை சரியில்லை என்று சொல்லும் துணிவு அந்த அரங்கில் அவருக்கு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், அரங்கைவிட்டுக் கிளம்புமுன் என்று மூன்று இடங்களில் எல்லோரையும் நிறுத்திப் பேச வைக்கிறது. அதை வாசிப்பவர் பெரும்பாலும் செவிலியரே. பட்டியலை வாசிப்பது எளிது. அவசரத்தில் இருக்கும் குழுவை வாசித்து முடிக்கும்வரை நிற்க வைப்பதுதான் கடினம்.

பிரசவ அறைக்கு வருவோம். நம் நாட்டில் செவிலியராகப் பதிவு பெறுபவர் பேறுகால உதவியாளராகவும் சேர்த்தே பதிவு பெறுகிறார். பிரிட்டனில் இவை இரண்டும் தனித்தனித் தொழில்கள். தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை நியமித்து இரவும் பகலும் பிரசவம் பார்க்க வகை செய்தது அதற்கான முக்கியமான காரணங்களுள் ஒன்று. நள்ளிரவில் அங்கே வந்து சேரும் கர்ப்பிணியை முதலில் பார்ப்பவர் செவிலியர். பல நேரங்களில் குழந்தை பிறக்கும்வரை உடனிருப்பவரும் அவரே.

பார்ட்டோகிராஃப் என்ற ஒற்றைத் தாளில் கருப்பை வாய் விரியும் வேகம், குழந்தையின் தலை இறங்கும் நிலை, இதயத் துடிப்பு, வலியின் இடைவெளி ஆகியவை கோடுகளாக வளர்ந்துகொண்டே வரும். கோடு எச்சரிக்கை எல்லையைத் தாண்டினால் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்புவதா, காத்திருப்பதா என்ற முடிவு அங்கே தொடங்குகிறது. ஆம்புலன்ஸில் போக ஒரு மணி நேரம் ஆகும் ஊரில், அந்த முடிவு எல்லையைத் தாண்டிய பிறகு எடுக்கப்பட்டால் தாமதம். பழகியவர்கள் கோடு வளையத் தொடங்கும்போதே தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி, நஞ்சுக்கொடி வெளியேறியதும் கருப்பை இறுகியிருக்கிறதா என்று வயிற்றின் மேல் கை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தல், விரிப்பில் தேங்கும் இரத்தத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் அளந்து பார்த்தல் எனப் பிரசவத்துக்குப் பின்னான அந்த முதல் மணி நேரம் முழுவதும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது. 500 மில்லிக்கு மேல் இரத்தம் போனால் அது பிரசவத்துக்குப் பின்னான மிகை இரத்தப்போக்கு. பேறுகால மரணங்களுக்கு அது முதன்மைக் காரணம்.

வலிப்பு நோக்கிச் செல்லும் உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மெக்னீசியம் சல்ஃபேட் இன்னொரு எடுத்துக்காட்டு. உயிரைக் காக்கும் மருந்து அது. அளவு கூடினால் மூச்சையே நிறுத்திவிடும் மருந்தும் அதுவே. ஒவ்வொரு வேளைக்கும் முன்பு முழங்காலைத் தட்டி அனிச்சை அசைவு இருக்கிறதா, மூச்சின் எண்ணிக்கை குறையவில்லையா, சிறுநீர் போதுமான அளவு வருகிறதா என்று செவிலியர் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், கேஸ் ஷீட்டில் மருத்துவர் எழுதியிருந்தாலும், அந்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவிட்டு அவரை அழைக்க வேண்டும். அதன் நச்சு விளைவை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ‘எழுதியதைக் கொடுப்பவர்’ என்று செவிலியரைப் பற்றி நிலவும் எண்ணம் எவ்வளவு குறைபாடானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சிக்கல் இல்லாத பிரசவங்களை முழுப் பொறுப்பேற்றுப் பார்க்கக்கூடிய செவிலியர்களை உருவாக்க, 18 மாதச் சிறப்புப் பயிற்சியோடு கூடிய திட்டத்தை மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. தெலங்கானா அதில் முன்னோடியாக இறங்கியது.

பிறந்த குழந்தை குறைமாதமாக இருந்தால் பொறுப்பு அடுத்த அறைக்குக் கைமாறுகிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லா அளவுகளும் சுருங்கிவிடுகின்றன. பெரியவருக்கு ஒரு மில்லி கூடக் குறைய என்பது ஒரு பொருட்டல்ல. ஒரு கிலோ எடையுள்ள சிசுவுக்குப் புள்ளி ஒரு மில்லிகூட அளவு தப்பியதாகிவிடும். பெரியவர்களுக்கு ஆக்சிஜன் அதிகமாக இருந்தால் நல்லது என்று பழகிய செவிலியர் இங்கே வந்தால், அந்தப் பழக்கத்தையே மறக்க வேண்டியிருக்கும்: குறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90-இலிருந்து 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், ஏனென்றால் மிகையான ஆக்சிஜன் விழித்திரை இரத்தக்குழாய்களைக் கெடுத்துப் பார்வையைப் பறித்துவிடலாம். மானிட்டரில் 100 என்று காட்டினால் மகிழாமல் ஆக்சிஜனைக் குறைக்கப் போகும் கைதான் அந்தப் பிரிவுக்குப் பழகிய கை.

தாய்ப்பாலை உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குக் குழாய் வழியாகவும், பிறகு நம் வீட்டுப் பாட்டிமார்கள் புழங்கிய பாலாடையாலும் ஊட்டுகிறார்கள். பாலாடை இன்று உலக மருத்துவ ஆய்விதழ்களிலும் அதே பெயரில் குறிப்பிடப்படும் கருவி. புட்டியைவிடக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய எளிது, குழந்தை தன் வேகத்தில் குடிக்க ஏற்றது. தாயின் மார்போடு தோலும் தோலும் படக் குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது. இதையெல்லாம் பயந்துபோயிருக்கும் இருபது வயதுத் தாய்க்குக் கற்றுக்கொடுப்பவர் செவிலியர். குழந்தை வீட்டுக்குப் போன பின்பும் பிழைத்திருப்பது பெருமளவுக்கு அந்தக் கற்பித்தலைப் பொறுத்தது என்பதால், பச்சிளங்குழந்தைச் செவிலியரின் வேலையில் பாதி ஆசிரியர் வேலை.

புற்றுநோய்ப் பிரிவில் மருந்தே ஆபத்து. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் கீமோ மருந்து செலுத்துபவர், அது இரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையையே அழுகச் செய்துவிடும் என்பதை அறிந்து, ஊசி ஏறிய இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். இரத்தக்குழாய் வழியாக மட்டுமே கொடுக்க வேண்டிய வின்கிரிஸ்டின் என்ற மருந்து தவறுதலாக முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டால் உயிரிழப்பு ஏறக்குறைய உறுதி. அதற்காகவே அதைத் தனி வேளையில், தனி இடத்தில் தரும் நடைமுறைகள் உள்ளன. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நோயாளிக்கு 100.4 டிகிரி காய்ச்சல், மற்றவர்களுக்குப் பாரசிட்டமால், இவருக்கு அவசர நிலை. டயாலிசிஸ் பிரிவில், டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலாவில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பதும், எடையைக் கணக்கிட்டு எவ்வளவு நீரை எடுப்பதென்று சரிபார்ப்பதும், நான்கு மணி நேரத்தின் பிற்பகுதியில் நோயாளி கொட்டாவி விட்டு முகம் வெளுத்தால் இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று உணர்வதும் அன்றாட வேலை.

இதுவரை சொன்ன எல்லாப் பிரிவுகளிலும் அளப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. மனநலச் செவிலியத்தில் அளவுகோலே ஆள்தான். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-இலிருந்து தொடங்குகிறது. அந்த நெடிய வரலாற்றின் பெரும்பகுதியில் வார்டுப் பணியாளரிடம் எதிர்பார்க்கப்பட்டது காவல்தான். இன்றைய மனநலச் செவிலியரிடம் எதிர்பார்ப்பது அதற்கு நேர்மாறானது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் கருகி இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டுப்படுத்தலாம், அதையும் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அந்தச் சட்டவரி நடைமுறையில் என்ன கேட்கிறதென்றால், கொந்தளிக்கும் ஒருவரைக் கட்டிப்போடும் நிலைக்குப் போகாமல், அதற்கு அரைமணி நேரம் முன்பே அவருடைய நடையிலும் குரலிலும் தெரியும் மாற்றத்தைக் கவனித்து, பேசி, கூட்டத்திலிருந்து விலக்கி அழைத்துப்போகும் திறனைக் கேட்கிறது.

கவனிக்க வேண்டியவற்றில் மருந்துகளும் உண்டு. லித்தியம் எடுப்பவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் நச்சு நிலைக்கு ஏறலாம். குளோசபின் எடுப்பவர் தொண்டை வலி என்று சொன்னால் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்தே ஆக வேண்டும். கடும் மனச்சோர்வில் இருந்தவர் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் சுறுசுறுப்பாகத் தெரியத் தொடங்கும் காலத்தில்தான் தற்கொலை எண்ணத்தைச் செயல்படுத்தும் தெம்பு அவருக்கு வருகிறது என்று பாடத்திலேயே எச்சரிக்கிறார்கள். குடும்பத்தார் நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரத்தில் செவிலியர் கவனத்தைக் கூட்ட வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் செவிலியரை நாம் சிறப்புப் பிரிவாகக் கருதுவதே இல்லை. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது கணக்கு. கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எனப்படும் அரசுப் பதிவு எண்ணைப் பெற்றுத் தருவது, இரத்தசோகை உள்ளவர் இரும்புச்சத்து மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாரா என்று பார்ப்பது, புதன்கிழமைத் தடுப்பூசிக்கு வராத குழந்தையின் வீட்டைத் தேடிப்போவது, தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பது, கருத்தடை பற்றிப் பேசுவது, இவை அத்தனையையும் பதிவேட்டிலும் கணினியிலும் ஏற்றுவது என்று பட்டியல் நீள்கிறது. ஐ.சி.யு. செவிலியர் ஒரு நோயாளியின் 60 நிமிடங்களைக் கவனிக்கிறார் என்றால், இவர் ஓர் ஊரின் ஆண்டுகளைக் கவனிக்கிறார். எந்த வீட்டில் மாமியார் தடுப்பூசிக்கு எதிர்ப்பு, எந்தப் பெண்ணுக்கு முந்தைய பிரசவம் சிக்கலானது, யார் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார் என்ற தகவல்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை; அவற்றை அறிந்தவர் இடமாறுதலில் போய்விட்டால், அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீட்டுக்குச் செல்லும் வலிநிவாரண ஆதரவுச் செவிலியரையும் இந்தப் படத்துக்குள் கொண்டுவந்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுபோய்த் தருகிறார். இயன்முறை மருத்துவரும் செவிலியரும் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போகிறார்கள். படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வரும் என்பதால் மலமிளக்கியும் உடன் போகிறதா என்று பார்ப்பது போன்றவை வெளியே தெரியும் வேலைகள். ‘இன்னும் எத்தனை நாள்?’ என்று மகன் தனியே அழைத்துக் கேட்கும்போது பொய் சொல்லாமலும் நொறுக்கிவிடாமலும் பதில் சொல்வது தெரியாத வேலை. மருத்துவத்துக்கான மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க 2014-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் வலிக்கும் என்று நோயாளி சொன்னதை நம்பி, அதை அளந்து எழுதி, மருத்துவரிடம் கொண்டுசெல்ல ஆள் இல்லாத இடத்தில் சட்டத் திருத்தம் மட்டும் வலியைக் குறைப்பதில்லை.

நோயாளியே இல்லாத ஒரு சிறப்புப் பிரிவும் உண்டு: தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். எந்தக் கட்டிலும் அவர் பொறுப்பில் இல்லை. எல்லாக் கட்டில்களும் அவர் கண்காணிப்பில் இருக்கின்றன. கை கழுவப்படுகிறதா, 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவுகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கப்படுகின்றனவா, எந்த வார்டில் சிறுநீர்க் குழாய்த் தொற்று திடீரென்று கூடியிருக்கிறது என்று அலைந்து பார்ப்பவர் அவர். யாருக்காவது ஊசி குத்திவிட்டால், 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க வேண்டுமா என்று முடிவெடுக்க வைப்பவரும் அவரே. பேராசிரியரிடம் போய் ‘சார், நீங்கள் கை கழுவவில்லை’ என்று சொல்ல வேண்டிய பதவி என்பதால், இது அதிகம் விரும்பப்படாத பதவியாகவும் இருக்கிறது.

இத்தனை வேறுபாடுகளுக்குப் பிறகு, பணியமைப்பின் பக்கம் திரும்பினால் கிடைப்பது சமன்செய்யப்பட்ட ஒரே பட்டியல். பயிற்றுமருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர், விடுப்பு எடுப்பவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுகோல் தாளில் இருக்கிறது. தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். எண்ணிக்கை குறையும்போது நிர்வாகம் செய்வது, இருப்பவர்களைச் சுழற்றுவது. ஐ.சி.யு.வில் மூன்றாண்டு பழகியவர் புறநோயாளிப் பிரிவின் ஊசி அறைக்கும், எலும்பு வார்டிலிருந்தவர் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் மாறுகிறார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்து பணி நிரந்தரத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு எந்த வார்டு என்பதைவிட எப்போது நிரந்தரம் என்பதே முதல் கவலையாக இருப்பதிலும் வியப்பில்லை.

சுழற்சிக்கு ஆதரவான வாதமும் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. வேலைப்பளு அதிகமான வார்டில் ஒருவரையே ஆண்டுக்கணக்கில் வைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. எளிதான இடங்களில் செல்வாக்குள்ளவர்கள் நிலைத்துவிடுவதைச் சுழற்சி தடுக்கிறது. அவசரத்துக்கு எவரையும் எங்கும் அனுப்பலாம். ஆனால் இதே செவிலியர் வளைகுடா நாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதுதான். பிரிட்டனின் பதிவேட்டில் பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று துறை பிரித்தே பெயர் ஏறுகிறது. இங்கே கணக்கில் வராத அனுபவத்துக்கு அங்கே விலை இருக்கிறது. அந்த வார்டில் நிலைத்திருக்க வேண்டியவர்கள் விமானம் ஏறுவதற்குச் சம்பளம் முதன்மைக் காரணம் என்றாலும் அது மட்டுமே காரணம் இல்லை.

மேல்படிப்பு இந்த இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்க்கலாம். நடப்பது வேறு. எம்.எஸ்சி. முடித்தவர்களில் பெரும்பாலோர் நர்சிங் கல்லூரிகளில் ஆசிரியர்களாகப் போய்விடுகிறார்கள். மிகுந்த துறையறிவு கொண்டவர் நோயாளியின் கட்டிலிலிருந்து மிகத் தொலைவில் நிற்கிறார். தீவிர சிகிச்சைக்கென்றே இரண்டாண்டு முதுநிலைப் பயிற்சியை, பெரும்பகுதி வார்டிலேயே கற்கும் முறையில், நர்சிங் கவுன்சில் வகுத்தது. ஆனால் அதை முடித்தவர்களுக்கென்று தனிப் பதவிகள் பரவலாக உருவாகவில்லை. புதிய பதவிகள், புதிய ஊதிய நிலை என்று போனால் நிதித்துறையின் ஒப்புதலுக்காகக் கோப்பு பல ஆண்டுகள் நகரும். அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: எந்தப் பிரிவில் எத்தனை மாதம் பணியாற்றினார், என்ன பயிற்சி பெற்றார் என்பதை ஒவ்வொரு செவிலியரின் பணிப்பதிவேட்டிலும் ஒரு பத்தியாகச் சேர்த்து, இடமாறுதல் கலந்தாய்வில் பணிமூப்போடு அதையும் பார்ப்பது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஐந்தாண்டு இருந்தவர் வேறு மாவட்டத்துக்குப் போக விரும்பினால், அங்குள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவின் காலியிடம் அவருக்கு முதலில் காட்டப்பட வேண்டும். இதற்குச் சட்டமும் தேவையில்லை, கூடுதல் நிதியும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.